கிளி மறைக்கும் நோய்

மனிதர் பேசும் சொற்களைக் கற்றுத் திருப்பிச் சொல்லும் ஆற்றல் படைத்த கிளி, தனக்கு உடல்நலம் இல்லை என்பதை மட்டும் ஒருபோதும் சொல்வதில்லை. சொல்லாதிருப்பதோடு அமையாது, அதனை மறைக்கவும் முயல்கின்றது. கிளி வளர்ப்போர் முதலாவதாக அறிந்துகொள்ள வேண்டிய உண்மை இதுவே. மாட்டுக்கோ ஆட்டுக்கோ நோய் கண்டால் அது தீனியை வெறுத்துப் படுத்துவிடும். வீட்டார் உடனே அறிவர். கிளியோ நோய் முற்றிய வேளையிலும், ஆள் அருகே வந்தால் நிமிர்ந்து நின்று, இறகைப் படியவைத்து, தீன் பாத்திரத்தில் அலகை நுழைத்து உண்பதுபோலப் பாவனை செய்யும். ஆள் அப்பாற் சென்றபின் மீண்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடும்.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் நெல்வட்டைகளுமாக அமைந்த தம்பிலுவிற் பகுதியிலே கிளி எவருக்கும் புதிய பறவை அன்று. பெரும்போக வேளாண்மை முற்றும் காலத்திற் பச்சைக் கிளிகள் கூட்டங் கூட்டமாக வட்டையில் இறங்குகின்றன. பரணிலிருந்து அவற்றைத் துரத்தும் வேளாண்மைக்காரருக்கு அவை பகை. பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து குஞ்சை எடுத்துவரும் சிறுவனுக்கு அவை செல்வம். தம்பிலுவில், திருக்கோவில் முதலிய தமிழ்க் கிராமங்களிலும், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை முதலிய முஸ்லிம் ஊர்களிலும் வாசலோரத்திற் கிளிக்கூடு தொங்கும் வீடுகள் உண்டு. ஒரு வீட்டுக் கிளி "அம்மா" என்று அழைக்கும்; அடுத்த ஊர்க் கிளி "உம்மா" என்று அழைக்கும். இரண்டிற்கும் வரும் நோய்கள் ஒன்றே.

நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த கிளி இன்று காலை கூட்டின் அடித்தட்டிற் செத்துக்கிடந்தது என்று சொல்வோர் பலர். நாவூறு பட்டது என்பர் சிலர். பாம்பின் மூச்சுப் பட்டது என்பர் வேறு சிலர். ஓர் இரவில் நிகழ்ந்ததாகத் தோன்றும் அச்சாவு, பெரும்பாலும் பல நாட்களாக, சில வேளைகளிற் பல வாரங்களாக, உள்ளே வளர்ந்த நோயின் முடிவாகும். நோய்க்குறி இல்லாமலில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படவில்லை; அவ்வளவே.

கிளி இவ்வாறு மறைப்பதற்குக் காரணம் வஞ்சகம் அன்று. காட்டிலே கூட்டமாக வாழும் பறவை அது. வல்லூறு கூட்டத்தின்மேற் பாயும்பொழுது தளர்ந்து பின்தங்கிய ஒன்றையே முதலிற் பற்றும். ஆகவே தளர்ச்சியைக் காட்டாத பறவையே தப்பிப் பிழைத்தது. அப்பண்பே வழிவழியாக நிலைபெற்றது. கூட்டுக்குள் வல்லூறு வராது என்பது வீட்டாருக்குத் தெரியும், கிளிக்குத் தெரியாது.

இதிலிருந்து ஒன்று பெறப்படுகின்றது. நோயுற்ற கிளி எப்படி இருக்கும் என்று கற்பதைவிட, தன் வீட்டுக் கிளி நலமாக இருக்கும்பொழுது எப்படி இருக்கின்றது என்று கற்பதே பயன் தரும். அது எந்நேரம் கத்தும், எவ்வளவு தின்னும், எதை முதலிற் கொத்தும், எந்தக் காலிலே நின்று உறங்கும் என்பவற்றை அறிந்தவரே மாற்றத்தைக் காண்பர். நலமான கிளி பெரும்பாலும் ஒரு காலை மடித்து, மற்றக் காலில் நின்று துயிலும். பகலிலும் இரண்டு காலையும் ஊன்றி, உடம்பைப் பந்துபோல உருட்டி, தலையை முதுகிற் புதைத்து நெடுநேரம் தூங்கும் கிளியை ஐயத்தோடு நோக்க வேண்டும். வழக்கமாக விடியலிற் கத்தும் கிளி இரண்டு நாள் மௌனமாக இருப்பதும் அத்தகையதே. கிளியின் மௌனத்தை நல்ல குணம் என்று மெச்சுவோரும் உளர்!

கண்ணை ஏமாற்றும் கிளி தராசை ஏமாற்ற மாட்டாது. இறகுப் போர்வைக்குள் உடம்பு மெலிவது வெளியே தெரியாது. ஆதலால், கிராமைக் காட்டும் சிறு சமையலறைத் தராசின்மேற் கிளியை வாரம் ஒருமுறை, காலையில் தீன் வைப்பதற்கு முன்னர் நிறுத்து, ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் சாலச் சிறந்தது. இப்பகுதியிற் பெரிதும் வளர்க்கப்படும் செந்தார்ப் பைங்கிளி ஏறத்தாழ 110 முதல் 140 கிராம் வரை நிறையுடையது. தோளிலே செந்நிறத் திட்டுடைய பெருங்கிளி அதனினும் இருமடங்கு வரை நிறுக்கும். 120 கிராம் உள்ள கிளி 108 கிராமாகக் குறைந்தால், பத்தில் ஒரு பங்கு போயிற்று என்பது பொருள். அதற்குமேற் காத்திருத்தல் தகாது. தராசு இல்லாதவர் விரலாற் பார்க்கலாம். கிளியின் நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் எலும்பின் இருபுறமும் தசை நிரம்பியிருக்க வேண்டும். அவ்வெலும்பு கத்தியின் விளிம்புபோல விரலில் உறுத்துமாயின் பறவை பல நாளாகவே நலிந்திருக்கின்றது என்று கொள்க.

தராசுக்கு அடுத்த சாட்சி எச்சம். பலர் அருவருத்து, பாராமலே கூட்டித் தள்ளும் அதுதான் உள்ளுறுப்புகளின் நிலையை நாள்தோறும் எழுதிக் காட்டுகின்றது. கூட்டின் அடியில் மணலோ உமியோ பரப்பாமல் வெள்ளைக் கடதாசி விரித்து வைத்தால் அதனை வாசிக்கலாம். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. பச்சையாகவோ கபிலமாகவோ சுருண்டிருப்பது மலம். வெண்சுண்ணம் போன்றது சிறுநீரகம் கழிக்கும் யூரிக் அமிலப் பொருள். அவற்றைச் சுற்றித் தெளிந்த நீர் சிறிதளவு காணப்படும். பப்பாசிப்பழம் தின்ற நாளில் நீர் மிகுவதும் நிறம் மாறுவதும் இயல்பே. ஆனால், வெண்பகுதி மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறினால் ஈரலிற் கேடு இருக்கலாம். செரிக்காத தானியம் முழுதாக வெளிவருதல், மலம் கறுத்துப் பிசுபிசுத்தல், இரத்தம் காணல், எச்சமே மிகக் குறைந்துபோதல் என்பன யாவும் வைத்தியரை நாட வேண்டிய குறிகள். எச்சம் குறைந்தால் உணவு உள்ளே போகவில்லை. பாத்திரத்திலே குவிந்து கிடக்கும் உமியைக் கண்டு கிளி நன்றாகத் தின்றது என்று எண்ணுவது ஏமாற்றம். மணியை உடைத்து உதிர்த்துவிட்டு விழுங்காமலும் இருக்கலாம்.

மூன்றாவது மூச்சு. பறவையின் சுவாச அமைப்பு மனிதருடையதைப் போன்றது அன்று. நுரையீரலோடு தொடர்புடைய காற்றுப் பைகள் உடம்பெங்கும் பரந்துள்ளன. மனிதரின் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மென்தசைச் சுவர் பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதனாலேயே காற்று உட்சென்று வெளிவருகின்றது. எனவே கிளியைப் பிடிக்கும்பொழுது நெஞ்சை இறுக்கினால், கழுத்தை நெரிக்காமலே மூச்சு நின்றுவிடும். சிறுவர்க்கு இதனைச் சொல்லிவைத்தல் வேண்டும். மூச்சு வாங்கத் துன்புறும் கிளி, சும்மா இருக்கும்பொழுதே ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் அசைக்கும்; அலகைத் திறந்தபடி இருக்கும். ஓடிக் களைத்தோ வெயிலிற் காய்ந்தோ இல்லாத வேளையில் இவ்வாறு காணப்பட்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடுதலாகாது.

இனி, நோய் வரும் வாயிலை நோக்கினால், அது பெரும்பாலும் தீன் பாத்திரமாகவே இருக்கக் காணலாம். கிளிக்குப் பாலும் பழமும் கொடுத்து வளர்த்தேன் என்பது தமிழர் வழக்கு. பழம் நன்று, பால் நன்றன்று. முலையூட்டும் இனம் அல்லாத பறவைக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் வகை இல்லை. பாலிற் பிசைந்த பாணோ சோறோ ஊட்டப்பட்ட குஞ்சுகள் கழிச்சல் கண்டு மடிவதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ந்த கிளிக்கு நெல்லும் சூரியகாந்தி விதையும் மட்டுமே கொடுப்பது இன்னொரு தவறு. அவற்றில் உயிர்ச்சத்து ஏ இல்லை என்றே சொல்லலாம். அச்சத்துக் குறைந்தால் மூக்கு, வாய், தொண்டை ஆகியவற்றின் உட்தோல் தடித்து, வாய்க்குள் வெண்திட்டுகள் தோன்றும். தும்மலும் மூக்கொழுகலும் தொடரும். காவலற்ற அவ்விடத்திற் கிருமிகள் எளிதிற் புகும். பரிகாரம் கடையில் இல்லை, வளவிலேயே உண்டு. முருங்கை இலை, பப்பாசி, பழுத்த பூசணி, கொவ்வைப்பழம், பயற்றங்காய் என்பவை போதும். கொச்சிக்காயும் கொடுக்கலாம்; அதன் உறைப்புப் பறவையின் நாவிற்குத் தெரிவதில்லை. வட்டை வரம்பிலே பிடுங்கிய கீரையை மட்டும், அங்கே மருந்து தெளித்த காலமா என்று அறியாமற் கொடுக்கலாகாது. ஆனைக்கொய்யா எனப்படும் வெண்ணெய்ப்பழம், சொக்கலேற்று, தேயிலை, கோப்பி, உப்பிட்ட பண்டங்கள் ஆகியன கிளிக்கு நஞ்சாகக் கூடியவை.

இக்கரையிற் கிளி வளர்ப்போருக்கு இயற்கையே தரும் ஒரு நன்மை உண்டு. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு சிறந்த சுண்ணச்சத்து. அதனை நன்னீரிற் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் உலர்த்திக் கூட்டிலே கட்டிவிட வேண்டும். முட்டையிடும் பெட்டைக்கு இது மிகவும் இன்றியமையாதது. சுண்ணச்சத்துக் குறைந்த பெட்டை முட்டையை வெளித்தள்ள இயலாமற் கூட்டின் அடியிற் குந்தி முக்கிக்கொண்டிருக்கும். வீட்டார் அழுத்திப் பிதுக்க முயன்றால் முட்டை உள்ளே உடைந்து பறவை சாகும். அது அன்றைக்கே வைத்தியரிடம் சேர்க்க வேண்டிய நிலை.

மார்கழி மாரியில் இப்பகுதிக் காற்றே ஈரமாகின்றது. வீட்டில் வைத்த கச்சானிலும் சோளனிலும் பூஞ்சணம் படிவதும் அக்காலத்திலேதான். மேலே படிந்ததைத் துடைத்துவிட்டுக் கிளிக்குப் போடுவது சிக்கனம் அன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் அறியப்படாத நோயால் மடிந்தன. ஆராய்ந்தபொழுது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கிற் பூஞ்சணம் விளைத்த நஞ்சே காரணம் எனத் தெரியவந்தது. அப்லாரொக்சின் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அந்நஞ்சு ஈரலை அழிக்கின்றது. வறுத்தாலும் முற்றாக நீங்குவதில்லை. மனிதர் தின்னத் தகாத கச்சான் கிளிக்கும் தகாது. ஈரமான கூட்டில் வளரும் பூஞ்சணத்தின் நுண்தூள் மூச்சோடு சென்று காற்றுப் பைகளிற் குடியேறுவதும் உண்டு. மாரியிற் கூட்டைச் சாரலடிக்காத, ஆனாற் காற்றோட்டமுள்ள இடத்திற்கு மாற்றிவிடுதல் நலம். அடுப்படி அதற்கு இடம் அன்று. புகை ஒருபுறமிருக்க, ஒட்டாத பூச்சுடைய தாச்சிகள் இக்காலத்திற் பெருகிவிட்டன. அவற்றை வெறுமையாக அடுப்பில் விட்டு மிகச் சூடேறினால் எழும் ஆவி மனிதருக்குப் புலப்படாமலே கிளியைச் சில நிமிடங்களிற் கொன்றுவிடும்.

நோயுற்ற கிளிக்கு வீட்டிலே செய்யத்தக்க முதலுதவி சிறிது. ஆனால் அது உயிர் காப்பது. பறவையின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. உண்ணாத பறவை அச்சூட்டைக் காத்துக்கொள்ள இயலாமற் சோர்கின்றது. ஆதலால் முதலில் வேண்டுவது மருந்து அன்று, வெப்பம். காற்றுத்துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ துணி போர்த்திய சிறு கூட்டிலோ கிளியை விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் சுடுநீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி வைத்து, உள்ளே 30 பாகையளவில் வெப்பம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னாளில் மின்குமிழை அருகே எரியவிட்டு இதனைச் செய்தனர். இன்றைய எல்இடி குமிழ்கள் ஒளி தருமேயன்றி அவ்வெப்பம் தரமாட்டா. ஒரு பக்கம் மட்டும் என்றது, சூடு மிகுந்தால் கிளி விலகிக்கொள்ளும் பொருட்டு. சிறகை உடம்பினின்று அகற்றி வாயைத் திறந்து நின்றால் சூடு மிகுந்தது என்று அறிக. குந்துகோலைத் தாழ்த்தி, தீனையும் நீரையும் அலகிற்கு எட்டும் இடத்தில் வைத்து, பிள்ளைகளை அப்பாற்படுத்தி, அமைதியாக விட வேண்டும். வாயைப் பிளந்து நீரையோ கஞ்சியையோ ஊற்றுவது கொடுமை. அது மூச்சுக்குழலிற் சென்றால் நோயினால் சாகாத கிளி வைத்தியத்தாற் சாகும்.

கிளியை வளர்த்துப் பூனை கையிற் கொடுத்ததுபோல என்ற பழமொழியிலும் ஒரு வைத்திய உண்மை பொதிந்திருக்கின்றது. பூனையின் வாயிலிருந்து மீட்ட கிளி, காயம் சிறு கீறலாகத் தோன்றினாலும், பிழைத்துவிட்டது என்று மகிழ்தற்குரியது அன்று. பூனையின் பல்லிலும் உமிழ்நீரிலும் உள்ள கிருமிகள் குருதியிற் கலந்து ஓரிரு நாளில் உயிரைப் போக்க வல்லவை. அன்றே வைத்தியரிடம் கொண்டுசென்று கிருமிக்கொல்லி மருந்து பெறல் வேண்டும்.

வைத்தியர் என்றது மருந்துக் கடையை அன்று. வீட்டில் மிஞ்சிய குளிசையைப் பொடித்துத் தண்ணீரிற் கலந்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. 120 கிராம் உடம்புக்கு 60 கிலோ உடம்பின் மருந்தைக் கண்ணளவாகப் பிரித்தல் எவராலும் இயலாது. மேலும், நீர் கசந்தால் நோயுற்ற கிளி அதனைக் குடியாமலே விட்டுவிடும்; மருந்தும் இல்லை, நீரும் இல்லை என்றாகும். பிரதேசங்களில் அமைந்துள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டுக்கும் கோழிக்கும் மாத்திரம் உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். அங்கே கிளியையும் காட்டலாம். நிறை குறித்த கொப்பியும், எச்சம் படிந்த அன்றைய கடதாசியும் உடன் கொண்டுசென்றால் வைத்தியரின் வேலை பாதி குறையும். அரிய நோயாயின் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் உண்டு; அத்துணை நெடும் பயணத்தை நலிந்த பறவை தாங்குமா என்பதை உள்ளூர் வைத்தியரே சொல்ல வேண்டும். காட்டுக் குஞ்சைப் பிடித்து வளர்ப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். 1937ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நாட்டுப் பறவைகள் பலவற்றைக் காக்கின்றன. குஞ்சை எடுக்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தாரைக் கேட்டறிதலே முறை.

இதுவரை சொல்லியது கிளியின் உயிரைப் பற்றியது. வீட்டார் உயிரையும் தொடும் நோய் ஒன்று உண்டு. 1879இல் சுவிற்சலாந்தின் ஊஸ்ரர் என்னும் ஊரில் ஒரு வீட்டைச் சார்ந்த எழுவர் கடுங் காய்ச்சலுற்று, மூவர் இறந்தனர். ஆராய்ந்த ரிற்றர் என்னும் வைத்தியர் அவ்வீட்டுக் கூட்டுப் பறவைகளின்மேல் ஐயுற்றார். பின்னர் அந்நோய்க்குக் கிளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சிற்றக்கோசிஸ் என்ற பெயர் வந்தது. தமிழிற் கிளிக்காய்ச்சல் எனலாம். 1929, 1930ஆம் ஆண்டுகளில், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு அது பல நாடுகளுக்குப் பரவி ஏறத்தாழ 800 பேரைப் பற்றியது. அமெரிக்காவில் நத்தார்ப் பரிசாக வந்த ஒரு கிளியால் ஒரு குடும்பமே படுக்கையில் விழ, 1930 சனவரியிற் சனாதிபதி ஊவர் கிளி இறக்குமதியைத் தடை செய்தார். வாஷிங்டன் ஆய்வுகூடத்தில் அக்கிளிகளை ஆராய்ந்த சாள்ஸ் ஆம்ஸ்ரோங் தாமே நோயுற்றுப் பிழைத்தார். அவருடைய உதவியாளர் அன்டர்சன் மாண்டார்.

இந்நோயின் கிருமி கிளமிடியா சிட்டாசி எனப்படும். நோயுற்ற கிளியின் எச்சம் உலர்ந்து தூளாகிக் காற்றிற் பறக்க, அதனை மூச்சில் இழுப்போருக்கு நோய் தொற்றுகின்றது. கிளியிடம் இறகு சிலிர்த்தல், கண்ணும் மூக்கும் ஒழுகல், எச்சம் எலுமிச்சைப் பச்சையாதல் என்பன காணப்படலாம். எக்குறியும் இன்றிக் கிருமியைச் சுமக்கும் கிளிகளும் உண்டு. மனிதருக்குப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டிருமல் தோன்றி, நுரையீரல் அழற்சியாக முற்றும். கிளியுள்ள வீட்டில் எவருக்கேனும் இத்தகைய காய்ச்சல் கண்டால், வீட்டில் கிளி உண்டு என்ற ஒரு சொல்லை வைத்தியரிடம் மறவாது சொல்ல வேண்டும். அவர் கேளாமலே விடக்கூடும். சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகள் எல்லாம் இக்கிருமிக்கு அடங்குவதில்லை. கூட்டைச் சுத்தம் செய்யும்பொழுது உலர்ந்த எச்சத்தைத் தும்புத்தடியாற் கூட்டாமல், முதலில் நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடி, கடதாசியோடு மடித்தெடுத்துப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் முதியோரும் அவ்வேலையைச் செய்யாதிருத்தல் நன்று. அலகோடு வாய்வைத்து முத்தமிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இந்நோய் அடங்கிய வரலாற்றில் தென்னாட்டார் ஒருவருக்கும் பங்குண்டு. பீமாவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, 1923இல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவருடைய தலைமையின் கீழ்ப் பணியாற்றிய முதியவர் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஓரியோமைசின் 1948இல் வெளியாயிற்று. ரெற்றாசைக்கிளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். இன்றும் கிளிக்காய்ச்சலுக்கு மனிதருக்கும் கிளிக்கும் அக்குடும்பத்து மருந்துகளே கொடுக்கப்படுகின்றன. கிளிக்கு வைத்தியர் வழக்கமாக 45 நாள் மருந்து கொடுப்பர். பத்தாம் நாளிலே கிளி தெளிந்து பேசத் தொடங்கும். அப்பொழுது மருந்தை நிறுத்துவோரே பலர். மறைந்திருந்த கிருமி பின்னர் மீளும். மருந்து கொடுக்கும் நாட்களிற் கணவாய் ஓட்டைக் கூட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதன் சுண்ணம் மருந்தைப் பற்றிக்கொண்டு உடம்பிற் சேராமற் செய்யும்.

புதிதாக வாங்கிய கிளியை முதல் ஒரு மாதமாவது வேறு அறையில், வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோழி வளர்க்கும் வளவில் இது மேலும் அவசியம். 1971இல் கலிபோர்னியாவில் இறக்குமதியான கூட்டுப் பறவைகளால் ராணிக்கெட் நோய் புகுந்து, ஏறக்குறைய 120 இலட்சம் கோழிகளும் பிற பறவைகளும் அழிக்கப்பட்டன. வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இருந்து, அவற்றுள் ஒன்று காரணம் தெரியாமல் இறந்தால், உடனே குழி தோண்டாமல் வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கையுறையோ பையோ இட்ட கையால் உடலை எடுத்து, நீரில் நனைத்த கடதாசியிற் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைகளில் இட்டு, பனிக்கட்டியின் அருகே குளிர்ச்சியாக, ஆனால் உறைந்துவிடாமல், அன்றே ஒப்படைத்தால், அறுத்துப் பார்த்து நோயின் பெயரைக் கூற அவரால் இயலும்.